ஏரிக்கும் ஒரு கோடை வேண்டும்

சித்திரைக் கடைசியில் புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரியின் உள்வாய்ப் பக்கம், தண்ணீர் பின்வாங்கிப் போன இடத்தில் நடந்து பார்த்திருக்கிறேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு பாளத்தைப் புரட்டி, அடியில் ஈரம் தட்டும்வரை விரலால் நோண்டினால் சில நேரம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு நத்தை கையில் சிக்கும். வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டிருக்கும். பார்வைக்கு வெறும் ஓடுதான். ஆனால் கையில் கனம் தெரியும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், மூடி மெல்லத் திறந்து, உள்ளிருந்து சதை வெளியே நீண்டிருக்கும்.

இந்த நத்தை கோடை முழுக்க இப்படி மண்ணுக்குள் உறங்கும். மழை வந்து ஏரி நனைந்ததும் எழுந்து மேய்ந்து முட்டையிடும். அதை நம்பி ஒரு பறவையே இருக்கிறது. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருப்பது இந்த ஓட்டைக் கையாளத்தான். பால் ஆமையும் சேற்றில் புதைந்து கோடையைக் கழிக்கும். விரால் குழம்பிய சேற்றிலும் வாயால் காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும். வற்றிய ஏரியைச் செத்துப்போன ஏரி என்று சொல்கிறோம். மண்ணுக்கு அடியில் நிலவரம் அப்படி இல்லை.

இதை முதலில் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் ஏரியைச் சீரமைக்க வேண்டும் என்று யார் பேசினாலும் பேச்சு போகும் திசை ஒன்றுதான்: தூர் வாரு, ஆழமாக்கு, கரையை உயர்த்து, வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்படி செய். சுற்றி ஒரு நடைபாதை, முடிந்தால் படகு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் தண்ணீர் ஏரியைத் தொட்டியாக்கிவிடும். ஏரி ஏரியாக இருக்க, தண்ணீர் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். எந்த மாதத்தில் ஏறுகிறது, எவ்வளவு ஆழம் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்பதையெல்லாம் சேர்த்து நீரோட்ட ஒழுங்கு என்று சொல்லலாம். நீர்நிலைகளை மீட்கும் வேலையில் உலகெங்கும் இன்று பேசப்படுவது இந்த ஒழுங்கைப் பற்றித்தான்.

ஊசுட்டேரியையே எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறைய பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கு. செஞ்சியிலிருந்து வரும் சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்குள் வருகிறது. கொள்ளளவு 540 மில்லியன் கன அடி. இதைப் பரப்பால் வகுத்தால், ஏரி நிறைந்து நிற்கும்போது சராசரி ஆழம் 6 அடிதான் வருகிறது. இவ்வளவு பெரிய ஏரிக்கு இவ்வளவு குறைந்த ஆழம். பறவைகள் இங்கே வந்ததற்கே அதுதான் காரணம்.

ஏரியின் தரை தட்டு மாதிரி லேசான சரிவு கொண்டது. 500 அடி தூரத்துக்கு ஒரு அடி சரிவு என்று வையுங்கள். தண்ணீர் ஒரு அடி இறங்கினால் 500 அடி அகலத்துக்குப் புதுச் சேறு வெளியே வரும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும். முக்கால் அடி, ஒரு அடி ஆழத்துக்கு மேல் அவற்றின் அலகு தரையைத் தொடாது. உள்ளானுக்குக் கால் குட்டை, சில அங்குலத் தண்ணீர் போதும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் உள்ளே போய் நிற்கும். தண்ணீர் மெதுவாக இறங்கும்போது இந்த ஆழமில்லாத ஓரம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று வாத்து மேய்ந்த இடத்தில் இன்று உள்ளான் மேயும். ஒரே இடம் மாதக்கணக்கில் ஒவ்வொரு பறவைக்கும் முறை வைத்துச் சோறு போடுகிறது. மட்டம் அசையாத ஏரியில் இந்தப் பந்தி கிடையாது. நடுவில் நீர்க்காகமும் நாமக்கோழியும் மிதக்கும், அதோடு சரி.

தூர் வாருகிறோம் என்று இயந்திரத்தை விட்டுச் செங்குத்தாகக் குழி வெட்டும்போது இழப்பதும் இதைத்தான். குழியில் தண்ணீர் அதிகம் பிடிக்கும், உண்மை. ஆனால் குழிக்கு ஓரமே இருக்காது. வண்டல் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடையில் ஏரி மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம், வயலுக்கும் அது உரம். சரிவைக் காப்பாற்றி மேலாக எடுத்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

சேறு காய்வதால் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும் சேற்றில் காற்று புகாது. இலையும் தண்டும் அரைகுறையாக மக்கிக் கறுத்து நாறும். வெயிலில் வெடித்ததும் வெடிப்பு வழியே காற்று இறங்கும், மக்கும் வேலை வேகம் பிடிக்கும், பயிருக்கான சத்து விடுபடும். மண் இறுகுவதால் அடுத்த முறை தண்ணீர் வரும்போது அவ்வளவாகக் கலங்காது. கலங்காவிட்டால் வெளிச்சம் அடிவரை போகும், நீருக்குள் பாசி செடி முளைக்கும். கோரையின் விதையும் இன்னும் பல செடிகளின் விதையும் ஆழத் தண்ணீருக்குள் முளைக்காது. ஈரமாகவும் திறந்தும் கிடக்கும் சேற்றில்தான் முளைக்கும். ஏரி மண் என்பது பல ஆண்டு விதை சேர்ந்து கிடக்கும் குதிர். தண்ணீர் இறங்கும் நாட்களில்தான் அந்தக் குதிர் திறக்கிறது. அப்புறம் ஐப்பசியில் புது வெள்ளம் ஏறும்போது, முளைத்த புல் மூழ்கும், விடுபட்ட சத்தில் நீர்ப்பூச்சி பெருகும், மீன் புல்லுக்குள் ஏறி முட்டையிடும். 'புதுத் தண்ணியில மீன் ஏறுது' என்று ஊரில் சொல்வது இந்த நாட்களைத்தான்.

இங்கே ஒரு கேள்வி நியாயமாகவே வரும். ஏரி என்பதே மனிதன் கட்டியது. கரை கட்டி, மதகு வைத்து, மிகுதித் தண்ணீர் வழியக் கலிங்கல் வைத்துத் தேக்கிய தண்ணீருக்கு இயற்கையான ஒழுங்கு என்று என்ன இருக்கிறது? என் பதில் இது. நம் முன்னோர் ஏரியை மழைக்கு எதிராகக் கட்டவில்லை, மழையின் போக்கிலேயே கட்டினார்கள். புதுச்சேரிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்துவிடும். அப்போது ஏரி நிறையும், கோடி போகும், அதாவது நிரம்பி வழியும். தை முதல் வைகாசிவரை வெயில் மட்டுமே தோராயமாக இரண்டரை, மூன்று அடித் தண்ணீரைக் குடித்துவிடும். மீதியை மதகு இறக்கும். சம்பாவின் கடைசித் தண்ணீர், அதன்பின் நவரைப் பட்டம் என்று வாரம் வாரமாக வயலுக்குப் போகும். 6 அடி ஏரியில் வெயில் பாதி, வயல் பாதி. சித்திரை, வைகாசியில் தாழ்ந்த இடத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஆற்றங்கரைப் பள்ளங்கள் மழையில் நிறைந்து கோடையில் வற்றுவது போலவே ஏரியும் நிறைந்து வற்றியது. ஏரிக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் பறவைக்கும் நத்தைக்கும் கோரைக்கும் தெரியவில்லை.

அதாவது, மதகைத் திறந்து மூடும் ஆளான நீர்க்கட்டிதான் தெரிந்தோ தெரியாமலோ ஏரியின் பருவத்தை நடத்தி வந்தார். இதை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. புதுச்சேரிப் பகுதியில் பாசனம் மெல்ல மெல்ல ஏரியை விட்டு மோட்டாருக்கு மாறியது. மோட்டார் போட்டால் தண்ணீர் என்றான பிறகு மதகுக்காகக் காத்திருக்க யாருக்கும் தேவையில்லை. நீர்க்கட்டி வேலை போனது. வாய்க்கால் தூர்ந்தது. பல ஏரிகளில் ஷட்டர் துருப்பிடித்து மூடிய நிலையிலேயே நின்றுவிட்டது, அல்லது அடியில் ஒழுகி முறையில்லாமல் வடிந்தது. நகரை ஒட்டிய ஏரிகளில் இன்னொரு மாற்றம். கழிவுநீர் வருடம் முழுக்க வந்து விழுவதால் கோடையிலும் மட்டம் இறங்குவதில்லை. ஒரே மட்டம், அதில் கொட்டிக் கிடக்கும் சத்து. ஆகாயத்தாமரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் புதுச்சேரியின் 84 ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. கரை, மதகு, வாய்க்காலோடு நிற்காமல், ஊர் மக்கள் சங்கமாகச் சேர்ந்து ஏரியைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொண்ட திட்டம் அது. அந்த எண்ணம் மிகச் சரியானது. ஷட்டரைப் புதிதாக மாட்டுவது ஒரு வேலை. அதை எப்போது திறப்பது என்று முடிவு செய்யும் ஆளை உருவாக்குவது அதைவிடப் பெரிய வேலை.

மட்டம் அசையாமல் நிற்பது என்ன செய்யும் என்பதற்கு மணிப்பூரின் லோக்டாக் ஏரி கண்முன் நிற்கும் பாடம். அங்கே செடியும் வேரும் மண்ணும் பின்னிப் பிணைந்த மிதக்கும் திட்டுகள் உண்டு, பும்டி என்பார்கள். அந்தத் திட்டுகளின் மேலேயே கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா இருக்கிறது, சங்காய் என்ற அரிய மான் அதன்மேல்தான் வாழ்கிறது. முன்பெல்லாம் கோடையில் ஏரி வற்றும்போது திட்டு தரையில் போய் உட்காரும். வேர் மண்ணில் இறங்கிச் சத்து எடுக்கும். மழையில் தடித்த பாயாக மறுபடி மிதக்கும். 1983-இல் மின்சாரத்துக்காக இத்தாய் தடுப்பணை வந்தது. ஏரி மட்டம் வருடம் முழுக்க உயர்ந்தே நின்றது. திட்டு தரையைத் தொட வழியில்லாமல் போனது. ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. மெலிந்த திட்டு மானின் எடையைத் தாங்காது. இதற்கு ஏரியை வற்ற வைக்கவோ நஞ்சு கலக்கவோ தேவைப்படவில்லை. கோடையை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

பருவம் தலைகீழாவது இன்னொரு வகைக் கேடு. ஆஸ்திரேலியாவில் முர்ரே ஆற்றங்கரையில் பார்மா காடு இருக்கிறது. இயல்பாக அங்கே வெள்ளம் வருவது குளிர்காலத்திலும் வசந்தத்திலும். அணைகள் அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துக் கோடையில் பாசனத்துக்கு விட்டன. காட்டுப் பள்ளங்கள் நனைய வேண்டிய காலத்தில் காய்ந்தன, காய வேண்டிய காலத்தில் நனைந்தன. மொய்ரா என்ற வெள்ளப் புல் பெரும்பரப்பில் அழிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012-இல் வந்த முர்ரே-டார்லிங் படுகைத் திட்டம் ஆற்றுக்கும் நீர்நிலைக்கும் என்று தனியே தண்ணீர் ஒதுக்கி, அதை உரிய பருவத்தில் விடும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது.

நம் வீராணத்துக்கு இந்த இரண்டு கதையும் பொருந்துகிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து வீரநாராயணன் ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிடத் தண்ணீர் வருகிறது. முழு மட்டம் 47.50 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்கள் இதை நம்பியிருக்கின்றன. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது. சென்னையின் குழாய் பருவம் பார்க்காது, அதற்கு 12 மாதமும் தண்ணீர் வேண்டும். அதனால் காவிரியில் தண்ணீர் கிடைக்கும் ஆண்டுகளில் கோடையிலும் ஏரியை நிரப்பி வைக்கிறார்கள், கிடைக்காத ஆண்டில் ஏரி ஒரேயடியாக வறண்டுவிடுகிறது. குடிநீரை நிறுத்து என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மட்டத்தை முடிவு செய்யும் மேசையில் குடிநீருக்கும் வயலுக்கும் இடம் இருக்கிறது, ஏரிக்கு இல்லை. மாசி, பங்குனியில் ஒரே நாளில் கடகடவென்று இறக்காமல் நாளுக்குச் சில அங்குலம் என்று இறக்குவதற்கோ, முக்குளிப்பானும் இலைக்கோழியும் செடியில் மிதக்கும் கூடு கட்டியிருக்கும் வாரங்களில் திடீரென்று மட்டத்தை ஏற்றாமல் இருப்பதற்கோ, ஒரு சொட்டுக் குடிநீரையும் குறைக்க வேண்டியதில்லை. நாட்குறிப்பை மாற்றி எழுதினால் நிறைய நடக்கும்.

கோடை வேண்டும் என்று சொன்னதும், ஏரியை அப்படியே காயப்போடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஏரிகளில் பழைய ஏரிகளுக்கு இல்லாத இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று சீமைக் கருவேலம். ஏரி தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் காய்ந்து கிடந்தால் உள்வாய் முழுக்கக் கருவேலங்காடாகிவிடும். இன்னொன்று நெய்வேலிக் காட்டாமணக்கு. அது தண்ணீரிலும் நிற்கும், காய்ந்த மண்ணிலும் நிற்கும். ஒடிந்து விழுந்த தண்டு ஈரச் சேற்றில் வேர் விட்டுவிடும். ஆகாயத்தாமரை காய்ந்தால் செத்துவிடும், ஆனால் அதன் விதை சேற்றில் பல ஆண்டு காத்திருக்கும். எனவே மட்டத்தை இறக்குவதும் களை எடுப்பதும் கூடவே நடக்க வேண்டும். தண்ணீர் இறங்கிய முதல் வாரங்களில் கன்றாக முளைக்கும் கருவேலத்தைப் பிடுங்கிவிட்டால், அடுத்த வெள்ளம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மேய்ச்சலையும் இங்கே சொல்ல வேண்டும். வற்றிய ஏரியில் மாடு மேய்வதைப் பார்த்தாலே ஆக்கிரமிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூரில், கேவலாதேவ் பூங்காவில் 1980-களின் தொடக்கத்தில் மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எருமைகள் வெளியே போனதும் ஒருவகை நீர்ப்புல் ஏரியை அடைத்துக்கொண்டது, வாத்துக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வுதான் எருமை அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதைக் காட்டியது. அதுவும் ராஜா காலத்தில் கரை கட்டி மதகு வைத்து நடத்திய நீர்நிலைதான்.

கிணற்றுக்காரர்களின் கவலை நியாயமானது. ஏரியில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊறும், அதை ஏன் வடிக்க வேண்டும் என்பார்கள். புதுச்சேரி கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிவரும்போது இந்தக் கேள்வியை ஒதுக்கவே முடியாது. ஆனால் நான் சொல்லும் ஒழுங்கில் தண்ணீர் வீணாக எங்கேயும் போகவில்லை. மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஏரியை நம்பிய ஆயக்கட்டு வயல்கள் ஏரித் தண்ணீரில் விளைந்தால் அந்த மாதங்களில் அவ்வளவு மோட்டார் ஓடாது. கிணற்றிலிருந்து எடுக்காத தண்ணீரும் கிணற்றில் ஊறிய தண்ணீர் மாதிரிதான். அதோடு, கரையோரத் தாழ்வில் கோடை முழுக்க ஒரு குளம் அளவுக்காவது தண்ணீர் நிற்க வேண்டும், மீன் விதை அங்கேதான் பிழைக்கும்.

என்னைக் கேட்டால் ஊசுட்டேரிக்கு ஆண்டு இப்படி நடக்கலாம். ஆடி, ஆவணியில் மாலை இடிமழை சேற்றை நனைக்கும், செடி முளைக்கும், அப்போது வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். புரட்டாசியில் ஒரு அடி, ஒன்றரை அடி மட்டும் மெதுவாக ஏற்ற வேண்டும், முளைத்த புல் அழுகாமல் மூழ்கும். ஐப்பசி, கார்த்திகையில் வருவதையெல்லாம் வாங்கி, முடிந்தால் ஒருமுறையாவது கோடி போக விட வேண்டும். தை முதல் மதகு திறந்து நவரைக்கு விட்டு, பங்குனிவரை படிப்படியாக இறக்க வேண்டும். வடக்கே திரும்பிப் போகும் உள்ளான்கள் பயணத்துக்குக் கொழுப்பு சேர்ப்பது அந்த மாதத்துச் சேற்றில்தான். இதை ஒவ்வொரு வருடமும் அச்சுப்போட்டது போலச் செய்யவும் கூடாது. மழை தவறிய வருடம் தவறட்டும், நிறைந்த வருடம் கொஞ்சம் கூடுதலாக நிற்கட்டும். செடிக்கும் மீனுக்கும் அந்த ஏற்றத்தாழ்வு பழக்கம்.

பறவை பற்றி அக்கறை இல்லாதவர்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்ததில் தென்பெண்ணை பொங்கி, பாகூர் பக்கமும் கடலூரும் தண்ணீரில் நின்றன. ஐப்பசி பிறக்கும்போதே நிறைந்து நிற்கும் ஏரியால் அப்படிப்பட்ட மழையில் ஒரு குடம்கூடக் கூடுதலாகப் பிடிக்க முடியாது. மூன்று நான்கு அடி இறங்கி நிற்கும் ஏரிகள் தொடர் தொடராக இருந்தால், வெள்ளம் ஊருக்குள் வருமுன் நிற்க ஓரிடம் இருக்கும்.

யார் செய்வது என்பதுதான் சிடுக்கு. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இல் பறவைகள் சரணாலயமானது, தமிழ்நாடும் பிறகு தன் பகுதியை அறிவித்தது. பறவைக்கு வனத்துறை, மதகுக்குப் பாசனத்தைக் கவனிக்கும் துறை, அதுவும் இரண்டு அரசுகள். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளோ பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்றே மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளைத் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். ஆகவே சட்டம் தானாக வந்து ஷட்டரைத் திறக்காது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக்குழு இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும். இரு மாநிலத்து நீர்ப்பாசன அதிகாரி, வனத்துறை ஆள், ஆயக்கட்டு விவசாயி, மீன் ஏலம் எடுத்தவர், மாடு மேய்ப்பவர் எல்லாரும் உட்காரும்படி அப்படி ஒரு குழுவை ஊசுட்டேரிக்கு இன்றும் அமைக்கலாம்.

அந்தக் குழு கூடும் முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மதகடியில் அடிக்கணக்கு எழுதிய ஒரு கல், அதைத் தினமும் காலையில் பார்த்து எழுத ஒரு நோட்டு. தேதி, மட்டம், ஷட்டர் எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது, உள்வாயில் தண்ணீர் எதுவரை நிற்கிறது, என்ன பறவை எங்கே மேய்கிறது. புரட்டாசியில் தொடங்கினால் வைகாசிக்குள் ஒரு முழுச் சுற்று கையில் இருக்கும்.